வரப்பில் வளரும் விறகு

கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் ஒரு மாங்கூழ் ஆலையின் கொதிகலன் முன்னால் 11 பருவம் வேலை பார்த்தேன். பெங்களூரா என்று எங்கள் பக்கத்தில் சொல்லப்படும் கிளிமூக்கு மாங்காய் வைகாசியில் இறங்கத் தொடங்கினால், ஆடி கழியும் வரை அந்தக் கொதிகலன் இரவும் பகலும் எரிந்துகொண்டே இருக்கும். கூழைச் சூடாக்கிக் கிருமி நீக்கவும், அடைத்த டின்களை வேகவைக்கவும் நீராவி வேண்டும். நீராவிக்கு விறகு வேண்டும். தைலமரம், சவுக்கு, சூபாபுல், வேலிக்காத்தான், காய்ப்பு ஓய்ந்த மாமரம் என்று எது கிடைத்தாலும் லாரியில் வந்து இறங்கும். எடைமேடையில் ஏற்றி, டன் கணக்குப் போட்டு, அன்றைக்கே பணம் கொடுத்துவிடுவார்கள்.

மழை பிடித்துக்கொண்ட ஓர் ஆனி மாதத்து இரவில், அன்று காலைதான் வெட்டிய தைலமரக் கட்டைகள் ஒரு லோடு வந்து சேர்ந்தன. காய்ந்த விறகு தீர்ந்துபோயிருந்ததால் அதையே போட வேண்டியதாயிற்று. உலைவாயைத் திறந்தபோது கண்டது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒவ்வொரு கட்டையின் வெட்டுமுகத்திலும் நீர் வெண்ணுரையாகப் பொங்கி, சொட்டுச் சொட்டாகத் தணலில் விழுந்து சீறிக்கொண்டிருந்தது. கட்டை எரியவில்லை, வெந்துகொண்டிருந்தது. நீராவி அழுத்த மானியில் 9 கிலோவில் நின்ற முள் ஒரு மணி நேரத்துக்குள் 5 கிலோவுக்கு இறங்கிவிட, கூழ் ஓடும் வரிசையை நிறுத்தினார்கள். பிழிந்து வைத்த கூழ் தொட்டியிலேயே காத்திருந்தது. விடியும்போது தொட்டிப் பக்கம் போனவர்களுக்குப் புளித்த வாடை அடித்தது.

அந்த இரவுக்குப் பிறகுதான் விறகு என்ற பொருளைப் பற்றி நான் யோசிக்கவே தொடங்கினேன். அடுத்த மாசியில், எங்கள் வயலோரம் நின்ற சூபாபுலில் கணுக்கால் பருமனுள்ள கிளை ஒன்றை வெட்டித் துண்டு போட்டு, புளி நிறுக்கும் தராசில் 10 கிலோ நிறுத்து எடுத்தேன். மாட்டுக் கொட்டகையின் ஓட்டுக்குக் கீழே, காற்றுப் புகும்படி குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி வைத்து, 15 நாளைக்கு ஒரு முறை நிறுத்துப் பார்த்தேன். சித்திரைக் கடைசியில் அது 6 கிலோவுக்கும் கீழே வந்துவிட்டது. அந்த இரண்டரை மாதத்தில் போனதெல்லாம் தண்ணீர். ஆலை டன்னுக்கு இவ்வளவு என்று விலை கொடுத்து வாங்கிய விறகில் பாதிக்கு அருகில் தண்ணீரைத்தான் வாங்கியிருக்கிறது.

இதன் கணக்கு எளியது. முற்றிலும் உலர்ந்த மரம் ஒரு கிலோ எரிந்தால் சுமார் 4,500 கிலோ கலோரி வெப்பம் தரும். எந்த மரமாக இருந்தாலும் கிலோவுக்குக் கிலோ பெரிய வேறுபாடு கிடையாது. பச்சை மரத்தின் எடையில் பாதி நீர். அந்த நீரில் ஒவ்வொரு கிலோவையும் ஆவியாக்க 600 கிலோ கலோரிக்கு மேல் செலவாகிறது. ஆக, பச்சை விறகு ஒரு கிலோவில் உண்மையில் கிடைப்பது 1,900 கிலோ கலோரி அளவுதான். காற்றில் நன்கு காய்ந்த விறகில் 3,400-ஐ ஒட்டிக் கிடைக்கும். ஈரம் இருந்தால் உலையின் சூடும் தாழ்ந்துவிடுவதால், முழுதாக எரியாத வாயுக்கள் வெள்ளைப் புகையாகவே புகைபோக்கி வழியே வெளியேறும். வேகமாக வளரும் மரங்களை எரிசக்திப் பயிராகப் பயிரிடுவது பற்றிய பேச்சில் எந்த மரம், எத்தனை டன் என்பவைதான் முதலில் வருகின்றன. என் அனுபவத்தில், வெட்டிய பிறகு எங்கே, எத்தனை நாள் காய்ந்தது என்பதே அவற்றுக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி.

இந்தப் பேச்சு எங்கள் மாவட்டத்துக்குப் புதியதும் அல்ல. 1973-இல் எண்ணெய் விலை ஏறியபோது, எரிபொருளைத் தங்கள் நிலத்திலேயே வளர்த்துக்கொள்ள முடியுமா என்று பல நாடுகள் யோசித்தன. ஸ்வீடனில் வில்லோ என்ற புதர்மரத்தை நெருக்கமாக நட்டு, மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒரு முறை அடியோடு வெட்டி, மீண்டும் துளிர்க்க விட்டு வெட்டும் முறை வளர்ந்தது. 1990-களின் நடுவில் அங்கே ஏறத்தாழ 15,000 ஹெக்டேரில் அது நின்றது. அறுத்த வில்லோவைச் சீவலாக்கி, ஊருக்கே பொதுவாகச் சுடுநீர் அனுப்பும் வெப்ப நிலையங்களில் எரித்தார்கள். அதே ஸ்வீடனின் உதவியோடுதான் 1981-இல் தமிழ்நாட்டில் சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் தொடங்கியது. ஏரிக்குள் கூட்டமாக நிற்கும் கருவேல மரங்களைப் பார்த்து வளர்ந்த என் வயதுக்காரர்கள் பலருக்கு, அவை விறகுக்காகத் திட்டமிட்டு வளர்க்கப்பட்டவை என்பது தெரியாது. ஏரி நிரம்பினால் மாதக்கணக்கில் அடிமரம் தண்ணீரில் நின்றாலும் கருவேல் சாகாது. வற்றிய பிறகு அதன் நெற்றை ஆடுகள் தின்னும். கட்டை வயிரமாக எரியும். ஏர்க்கலப்பைக்கும் வண்டிச் சக்கரத்துக்கும் உதவிய மரம் அது. நட்ட இடம் பொருந்தியிருந்தது என்பதையே அதன் முதல் சிறப்பாகச் சொல்வேன்.

இடமும் நோக்கமும் பொருந்தாமல் நட்டதற்கு எங்கள் வீட்டிலேயே ஒரு சாட்சி உண்டு. காரிமங்கலம் பக்கத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கர் நிலம். அதில் ஒன்றரை ஏக்கர் சரளைமேடு. 2007-இல் ஒரு நிறுவனத்தின் முகவர் வந்து, அந்த மேட்டில் காட்டாமணக்கு நட்டால் விதையைத் தாங்களே கொள்முதல் செய்துகொள்வதாகவும், அதிலிருந்து டீசல் எடுப்பதாகவும் சொன்னார். அப்போது காட்டாமணக்கைப் பற்றி நாடு முழுவதும் பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. 2009-இல் வந்த தேசிய உயிரி எரிபொருள் கொள்கை 2017-க்குள் 20 விழுக்காடு கலப்பு என்று இலக்கே வைத்தது. அப்பா கன்றுக்குக் காசு கொடுத்து வாங்கி, குழி எடுத்து, முதல் கோடையில் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றினார். செடி சாகவில்லை. காய்க்கவும் இல்லை. மூன்றாம் ஆண்டில் இரண்டு கோணிப்பைக்குக் கொஞ்சம் கூடுதலாக விதை கிடைத்தது. காய் ஒரே நேரத்தில் பழுக்காததால் அதைப் பறிக்க ஆறேழு முறை காட்டுக்குப் போக வேண்டியிருந்தது. கொள்முதலுக்கு யாரும் வரவில்லை. விதையில் நஞ்சு இருப்பதால் பிண்ணாக்கு மாட்டுக்கும் ஆகாது. தண்டு மெத்தென்று இருப்பதால் விறகுக்கும் ஆகாது. "அடுப்புக்குக்கூட ஆகாத குச்சியை வெச்சுக்கிட்டு எதுக்குப்பா இந்த மேட்டைக் காவல் காக்கறீங்க?" என்று அம்மா கேட்ட பிறகு அப்பா அதைப் பிடுங்கிப் போட்டார்.

வறட்சியைத் தாங்குவதும் வறட்சியில் விளைவதும் வேறு வேறு. காட்டாமணக்கு இலையை உதிர்த்துவிட்டு, தண்டில் நீரை வைத்துக்கொண்டு, ஒன்றும் செய்யாமல் இருந்து உயிர் பிழைக்கிறது. ஒன்றும் செய்யாமல் இருக்கும் செடியிடம் எண்ணெய் எதிர்பார்க்க முடியாது. இலை விரித்து வளரும் எந்தச் செடியும் நீரைச் செலவழித்தே தீர வேண்டும். வேகமாக வளரும் மரம் என்பது வேகமாகக் குடிக்கும் மரம் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் தைலமரத்தைப் பார்த்துச் சொன்னதில் தவறில்லை.

மரம் குடிக்கும் அந்த நீரின் கணக்கையும் ஒரு நாள் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். எங்கள் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஆண்டுக்குச் சராசரியாக 850 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது. ஓர் ஏக்கரில் அது சுமார் 34 லட்சம் லிட்டர். மரம் ஒரு கிலோ உலர்ந்த கட்டை சேர்க்கச் சில நூறு லிட்டர் நீரை இலை வழியாக வெளியேற்றுகிறது; 500 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். மானாவாரியில் ஏக்கருக்கு ஆண்டுக்கு 4 டன் உலர்ந்த விறகு என்பது தாராளமான விளைச்சல். அந்த 4 டன்னுக்கு 20 லட்சம் லிட்டர் செலவாகிவிடும். பெய்யும் மழையில் பாதிக்கு மேல் மரத்துக்கே போய்விட்டால், மண்ணிலிருந்து ஆவியாவதும் ஓடையில் ஓடுவதும் போக, கிணற்றுக்கு இறங்குவதற்கு என்ன மிஞ்சும்?

இந்தக் கேள்வி தருமபுரிக்காரர்களுக்கு எலும்பு வரை உறைக்கும் கேள்வி. இங்கே பாறை இடுக்கில் நெடுநாள் தங்கிய ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளூரைடு மிகுந்திருக்கிறது. பல்லில் கறையோடும் முட்டி மடங்காத காலோடும் வாழ்ந்தவர்களைப் பார்க்காத ஊர் எங்கள் பக்கத்தில் குறைவு. அதற்காகவே ஜப்பானிய நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு, 2013-இல் காவிரி நீர் இரண்டு மாவட்டங்களுக்கும் வரத் தொடங்கியது. ஓசூரைத் தாண்டினால் வரும் கர்நாடகத்தில், கோலார் பக்கத்து விளைநிலங்களைத் தைலமரம் பிடித்துக்கொண்டதை எதிர்த்து 1980-களிலேயே விவசாயிகள் போராடினார்கள்; 2017-இல் அம்மாநில அரசு புதிதாகத் தைலமரம் நடுவதற்குத் தடை போட்டது. ஊற்றுக்கிணறு நம்பிய கேழ்வரகுக் காட்டை முழுதாக மரக்காடாக்குவதற்கு நான் ஒப்பமாட்டேன். அது தைலமரமானாலும் மலைவேம்பானாலும் எனக்கு ஒன்றுதான்.

மின்சாரத்துக்காக விறகு வளர்ப்பதையும் நான் ஏற்கவில்லை. அதற்கும் கணக்குதான் காரணம். சிறிய விறகு மின்நிலையத்தில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 1.2 கிலோவுக்குக் குறையாமல் காய்ந்த விறகு வேண்டும். வெப்பத்தில் முக்கால் பங்குக்கு மேல் வீணாய்ப் போகிறது. மேலே சொன்ன 4 டன் விறகில் ஏறக்குறைய 3,300 யூனிட் கிடைக்கும். அதே ஏக்கரில் சூரியத் தகடு போட்டால் ஆண்டுக்கு 3 லட்சம் யூனிட் அளவுக்குக் கிடைக்கிறது, 90 மடங்கு. தகடு இரவில் உறங்கும், விறகு இரவிலும் எரியும் என்பது உண்மை. ஆனாலும் 90 மடங்கு வேறுபாட்டை அந்த ஒரு நன்மை ஈடுகட்டாது. இலை சூரிய ஒளியில் நூற்றில் ஒரு பங்கைக்கூடக் கட்டையாக மாற்றுவதில்லை. அது இயற்கையின் வரம்பு. எந்த உயர்ரகக் கன்று வந்தாலும் பெரிதாக மாறாது.

2021-இல் ஒன்றிய மின்துறை அமைச்சகம், அனல்மின் நிலையங்கள் நிலக்கரியோடு 5 விழுக்காடு உயிர்ப்பொருள் உருளைகளைச் சேர்த்து எரிக்க வேண்டும் என்று கொள்கை வெளியிட்டது. பயிர்க் கழிவை வயலிலேயே கொளுத்தாமல் பயன்படுத்துவது அதன் முக்கிய நோக்கம். அந்த அளவில் நல்லது. ஆனால் அதற்கென மரம் வளர்க்கலாம் என்று சிலர் சொல்லக் கேட்டபோது, எங்களுக்கு அண்டையில் உள்ள மேட்டூரை மனத்தில் வைத்துக் கணக்குப் பார்த்தேன். 1,440 மெகாவாட் நிலையம் முழு வேகத்தில் ஓடினால் மணிக்குச் சுமார் 1,000 டன் நிலக்கரி வேண்டும்; 5 விழுக்காடு என்றால் 50 டன். என் ஒரு ஏக்கர் ஓர் ஆண்டு முழுவதும் வளர்த்த விறகு அங்கே ஐந்து நிமிடத்துக்கு வரும்.

அப்படியானால் விறகை எதற்கு வளர்ப்பது? சூட்டுக்கு. விறகு தன் வெப்பத்தை வெப்பமாகவே கொடுக்கும்போது அதில் பெரும்பகுதி பயன்படுகிறது. நல்ல கொதிகலனில் காய்ந்த விறகின் வெப்பத்தில் முக்கால் பங்குவரை நீராவியில் இறங்கும். எங்கள் இரண்டு மாவட்டங்களிலும் சூடு தேவைப்படும் தொழில்கள் நிறைய உண்டு. மாங்கூழ் ஆலைகள் இருக்கின்றன. பட்டு நூற்பவர்கள் கூடு வேகவைக்கும் தொட்டிகள் இருக்கின்றன. செங்கல் சூளை, அடுமனை, கல்யாண மண்டபச் சமையற்கட்டு என்று நாள்தோறும் விறகு கேட்கும் இடங்கள் எத்தனையோ. பாலக்கோட்டுப் பக்கம் வெல்லம் காய்ச்சுபவர்கள் பெரும்பாலும் கரும்புச் சக்கையிலேயே சமாளித்துக்கொள்கிறார்கள்; தொழில் தன் எரிபொருளைத் தானே பெற்றுக்கொள்ளும் அழகான ஏற்பாடு அது.

வீடுகளையும் விட்டுவிட முடியாது. 2016-க்குப் பிறகு எரிவாயு இணைப்பு இல்லாத வீடு எங்கள் ஊரில் அரிது. இருந்தாலும் வெந்நீருக்கும், களி கிண்டவும், மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வேகவைக்கவும் விறகடுப்பு புறக்கடையில் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. களிக்கு உலை வைத்து, மாவைக் கொட்டி, துடுப்பால் அழுத்திக் கிண்டும்போது பானை ஆடாமல் நிற்க வேண்டும். எரிவாயு அடுப்பின் மேல் அது நடக்காது என்பார் அம்மா. கிலோவுக்குக் கிலோ எரிவாயுவின் வெப்பம் காய்ந்த விறகைப்போல் மூன்று மடங்குக்குச் சற்று மேல். மூன்று கல் அடுப்பில் விறகின் வெப்பம் 15 விழுக்காட்டுக்கு மேல் பானைக்கு ஏறாது. எரிவாயு அடுப்பில் 60 விழுக்காடு ஏறும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு சிலிண்டருக்கு ஈடாகச் சுமார் 180 கிலோ காய்ந்த விறகு எரிக்க வேண்டும். அடுப்பை மூடிக்கட்டி, காற்று கீழிருந்து வரும்படி செய்தால் இந்த 180 ஏறத்தாழ 100 கிலோவாகக் குறையும். மரம் நடுவதற்கு முன்னால் அடுப்பைத் திருத்த வேண்டும் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான். அம்மாவின் கண்ணும் இருமலும் எனக்குத் தெரியும். ஈர விறகில் களி கிண்டிய நாற்பது ஆண்டுகள் அவை.

அம்மா பிறந்தது பென்னாகரம் மலையோரம். விடியற்காலையில் காட்டுக்குள் போய்ச் சுள்ளி பொறுக்கித் தலைச்சுமையாகக் கொண்டுவந்தவர். அந்தக் காடுகளின் பெரும்பகுதி 2022-இல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்ட நிலப்பரப்பை ஒட்டியது. யானை நடமாடும் காடு. அங்கே விறகுக்குப் போகும் ஒவ்வொரு நடையும் உயிரைப் பணயம் வைக்கும் நடை. வீட்டு வரப்பிலேயே விறகு வளர்ந்தால் அந்த நடை ஒழியும். காட்டுக்கும் ஓய்வு கிடைக்கும்.

எரிசக்திப் புதரைத் தேடி நாம் எங்கும் போக வேண்டியதில்லை என்பதை எனக்குக் காட்டியது மல்பெரி. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் பட்டுக்கூட்டு அங்காடி இருக்கிறது. பட்டுப்புழு வளர்க்கும் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. மல்பெரியை 60 முதல் 70 நாளைக்கு ஒரு முறை தண்டோடு அறுத்துப் புழுவுக்குப் போடுகிறோம். புழு இலையைத் தின்றுவிட்டுக் குச்சியை விட்டுவிடுகிறது. அடிக்கட்டை மீண்டும் துளிர்த்து, அடுத்த அறுவடைக்குத் தயாராகிறது. இப்படிப் பத்துப் பதினைந்து ஆண்டுகள். ஸ்வீடன்காரர்கள் வில்லோவில் செய்ததையே எங்கள் பட்டு விவசாயிகள் பெயர் வைக்காமல் செய்துவருகிறார்கள். விரல் பருமனுள்ள அந்தக் குச்சி ஒரு வாரம் வெயில் கண்டால் சலசலவென்று காய்ந்துவிடும். வேகமாக எரிந்து தீர்ந்துவிடும் என்பதால் களிக்கு அது போதாது. வெந்நீருக்கு அதைவிட நல்ல விறகு இல்லை. பல வீடுகளில் அது மேட்டில் மட்கிக் கிடப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுக்காது.

எங்கள் வீட்டில் மல்பெரிக்குத் தண்ணீர் கிடையாது. அதனால் கிளைரிசிடியாவைத் தேர்ந்தெடுத்தேன். இலங்கையில் தேயிலை, ரப்பர், தென்னைக்கு அடுத்த நான்காம் தோட்டப் பயிராகவே இதை அறிவித்திருக்கிறார்கள். அங்கே தமிழர்கள் சீமைக்கிளுவை என்கிறார்கள். பயறு வகைக் குடும்பத்தைச் சேர்ந்தது. வேர் முடிச்சில் காற்றின் தழைச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். கட்டைவிரல் பருமனுக்கு மேற்பட்ட, முதிர்ந்த போத்துகளை நாலடி நீளத்துக்கு வெட்டி, அடிப்பக்கத்தைச் சாய்வாகச் சீவி, ஒன்றிரண்டு நாள் நிழலில் போட்டுவிட்டு, ஆடி ஆவணி மழையில் ஒரு சாண் ஆழத்துக்கு மேல் ஊன்றினேன். மேல்முனையில் மண்ணும் சாணமும் குழைத்து அப்பினேன். 240 போத்தில் 190 பிழைத்தன. செத்தவற்றில் பெரும்பாலானவை நான் அவசரத்தில் இளம்பச்சையாக வெட்டியவை.

சூபாபுல் என்னும் சவுண்டலையும் ஓர் ஓரத்தில் வைத்தேன். அதன் கட்டை கிளைரிசிடியாவைவிடக் கனமானது. அடியில் வெட்டினால் கொத்தாகத் துளிர்க்கும். ஆனால் ஆடு விடாது. விதை உதிர்ந்து வயலெல்லாம் முளைக்கும். இலையில் உள்ள மிமோசின் என்ற பொருளால் அதை மாட்டுக்கு முழுத் தீவனமாகவும் போட முடியாது. நெற்று முற்றுவதற்கு முன்பே வெட்டிவிடும் ஒழுங்கு இருப்பவர்கள்தான் அதை வளர்க்கலாம். சவுக்கை நான் எடுக்கவேயில்லை, ஏனென்றால் வெட்டிய சவுக்கு மறுதாம்பு, அதாவது அடிக்கட்டையிலிருந்து மறுதுளிர், சரியாக விடுவதில்லை. ஒவ்வொரு முறையும் புதுக்கன்று நட வேண்டும்.

மறுதாம்பு என்ற சொல்லைக் கரும்புக்காரர்களிடமிருந்து எடுத்துக்கொண்டேன். மரத்துக்கும் அதுவே பொருந்துகிறது. வெட்டிய பிறகு அடிமரத்தில் உறங்கும் மொட்டுகள் விழித்துக்கொள்கின்றன. புதிதாக முளைத்த கன்று வேருக்கும் சேர்த்து உழைக்க வேண்டும்; மறுதாம்புக்கு வேர் ஏற்கெனவே இருக்கிறது, அதில் சேர்த்து வைத்த மாவுச்சத்தும் இருக்கிறது. அதனால்தான் அது ஒரே பருவத்தில் ஆள் உயரத்தைத் தாண்டிவிடுகிறது. அரிவாள் கூர்மையாக இருக்க வேண்டும். பட்டை கிழிந்தால் அந்தப் பக்கம் துளிர் வராது. வெட்டு சாய்வாக இருக்க வேண்டும், இல்லையென்றால் மழைநீர் தேங்கி அடிமரம் அழுகும். இருபது துளிர் வந்தாலும் நாலைந்தை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிட வேண்டும். எல்லாவற்றையும் விட்டால் எல்லாம் சுண்டுவிரல் குச்சியாகவே நின்றுவிடும். வேர்ச் சேமிப்பு தீரும் அளவுக்கு அடிக்கடி வெட்டினால் மரம் ஓய்ந்துவிடும் என்பதையும் ஒரு வரிசையைப் பலி கொடுத்துத்தான் கற்றேன்.

எப்போது வெட்டுவது என்பதில் விறகும் தழையும் எதிரெதிராக இழுக்கின்றன. விறகுக்கு ஏற்றது தை, மாசி: கிளைரிசிடியா அப்போது இலை உதிர்த்து இளஞ்சிவப்பாகப் பூக்கும், வெட்டி அடுக்கினால் பங்குனி சித்திரை வெயில் முழுதும் காய்ந்து, மழைக்கு முன்னால் கொட்டகைக்குள் போய்விடும். தழைக்கு ஏற்றது ஆனி: கேழ்வரகு விதைக்கும் முன் பசுந்தழையை மிதித்துவிட வேண்டும். நான் தையில் ஒரு முறை கட்டைக்கும், ஆனியில் ஒரு முறை இளந்தழைக்குமாக வெட்டுகிறேன். விறகு கொஞ்சம் குறைகிறது, யூரியா மூட்டையும் குறைகிறது. மரத்தின் சத்தில் பெரும்பங்கு இலையிலும் சிறு கிளையிலும் பட்டையிலும்தான் இருப்பதால், இலையை வயலுக்கும் கட்டையை அடுப்புக்கும் என்று பிரிப்பதே மண்ணுக்கு நியாயம். அடுப்புச் சாம்பலும் வயலுக்கே திரும்புகிறது. சாம்பலில் சாம்பல்சத்தும் சுண்ணாம்பும் உண்டு; தழைச்சத்து மட்டும் புகையோடு போய்விடும். அதைத் திருப்பித் தருவது இலைதான்.

இரண்டாம் ஆண்டுத் தை வெட்டில், காய்ந்த பிறகு நிறுத்ததில், 190 செடியிலிருந்து 340 கிலோ கிடைத்தது. மூன்றாம் ஆண்டில் 520 கிலோ. எங்கள் வீட்டுக்கு வெந்நீருக்கும் களிக்குமாக நாளைக்கு 3 கிலோ, ஆண்டுக்கு 1,100 கிலோ ஆகிறது. வரப்பு அதில் பாதியை இப்போது தருகிறது. மீதிக்குத் துவரை மிளாரும் தென்னை மட்டையும். ஓர் அங்குல விளைநிலத்தையும் இதற்காக நான் விட்டுக்கொடுக்கவில்லை. ஓர் ஏக்கர் சதுர நிலத்தைச் சுற்றி 250 மீட்டருக்கு மேல் வரப்பு இருக்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். அந்தச் சுற்றளவில் அரை மீட்டருக்கு ஒன்று என்று 500 செடி நிற்கும்.

ஆலை முதலாளிகளிடம் சொல்ல ஒன்று உண்டு. கூட்டுறவுச் சங்கத்தில் பாலுக்குக் கொழுப்பும் இதரச் சத்தும் பார்த்து விலை போடுகிறார்கள். நெல் கொள்முதலில் ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். விறகுக்கு மட்டும் வெறும் எடை. இதனால் வெட்டிய அன்றே லாரி ஏற்றுபவருக்கு லாபமும், மூன்று மாதம் காயவைத்துக் கொண்டுவருபவருக்கு நட்டமும் ஆகிறது. முள்ளைக் குத்தினால் ஈரத்தைக் காட்டும் சிறிய மானி ஒன்றை எடைமேடையில் வைத்து, காய்ந்ததற்கு ஏற்ப விலை கொடுத்தால், ஆலைக்கும் விறகு குறைவாகச் செலவாகும், விவசாயியின் மேட்டு நிலமும் உலர்களமாக மாறும். நான் வேலை பார்த்த இடத்தில் இதை இரண்டு முறை சொன்னேன். பருவம் முடியட்டும் பார்க்கலாம் என்றார்கள். பருவம் முடிந்தபோது விறகைப் பற்றிப் பேச யாருக்கும் நேரமில்லை.

வரப்பு என்றாலே பங்காளியும் வருவார். எங்கள் வடக்கு வரப்புக்கு அந்தப் பக்கம் பெரியப்பா மகனின் நிலம். அங்கே ஊன்றிய முதல் வரிசையைப் பார்த்ததும் வந்து நின்றார். "தம்பி, வெறகு உனக்கு, நெழலு எனக்கா?" என்றார். அவர் கேட்டது சரி. புரட்டாசிக்குப் பிறகு சூரியன் தெற்கே சாயச் சாய நிழல் வடக்கே நீளும். கேழ்வரகுக் கதிர் பால் பிடிக்கும் நேரமும் அதுதான். அவர் பக்கத்தில் வரப்பை ஒட்டிய இரண்டு மூன்று சாலில் கதிர் சிறுத்திருந்ததை நானே போய்ப் பார்த்தேன். வெட்டிய விறகில் பாதியை அவருக்குத் தருகிறேன், புரட்டாசியில் நெஞ்சு உயரத்துக்குக் கவ்வாத்து செய்கிறேன் என்று சொன்னேன். முதல் ஆண்டு ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டு வேரும் தன் பக்கம் வருகிறது என்றார். அதனால் வடக்கு வரப்பில் இருந்த 40 செடியைத் தோண்டி எடுத்துவிட்டு, காட்டாமணக்கு நின்ற சரளைமேட்டின் ஓரத்தில் போத்துகளை ஊன்றியிருக்கிறேன். வடக்கு வரப்பில் இப்போது துவரை நிற்கிறது. தையில் காய் பறித்த பிறகு அதன் மிளாரை இரண்டு பேரும் பாதிப் பாதியாக எடுத்துக்கொள்கிறோம்.